நீங்கள் எப்படிச் சந்தித்தீர்கள்?

1

சென்ற வாரம், பிரான்சில் நான் இப்போது இருக்கும் ஊரின் மேரிக்குப் போயிருந்தேன். நகரமன்றத்தைத்தான் சொல்கிறேன். காரைக்காலில் முனிசிபாலிட்டியை இன்னும் மேரி என்றே சொல்லும் பெரியவர்கள் இருப்பதால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. போனது கல்யாணப் பதிவுக்கு நாள் கேட்க. ஆம், என் கல்யாணத்துக்குத்தான். எனக்காக மெழுகுவத்தி நேர்ந்து நேர்ந்து களைத்துப்போன தலத்தெரு உறவினர் அனைவருக்கும் முப்பத்தொரு வயதில், ரோசு என்கிற நான் இதன் மூலம் அறிவித்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை பெயர் ழான் ராமசாமி. ரெயூனியன் தீவில் பிறந்தவர், பாரிஸ் புறநகரில் பஸ் ஓட்டுகிறார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அவருடைய குடும்பப் பெயர். அதையும் சரியாக உச்சரிக்கத் தெரியாது.

கவுண்டரில் இருந்த பெண்மணி எங்கள் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "நீங்கள் இருவரும் எப்படிச் சந்தித்தீர்கள்?" என்று கேட்டார்.

"பஸ்ஸில்" என்றேன்.

சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. இந்த நாட்டில் அரசாங்க அலுவலகத்தில் சிரிப்பவர்களைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். பெண்மணியின் பேனா நின்றது. ழான் பதறிப்போய், நான் களைப்பாக இருப்பதாகவும் காலையிலிருந்து மழலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வந்திருப்பதாகவும் சமாதானம் சொன்னார். அது உண்மைதான், என் வேலை அதுதான். ஆனால் நான் சிரித்தது அதனால் இல்லை. இதே கேள்வி மூன்று வருஷத்துக்கு முன்னால் என் தோழி விஜியின் கல்யாணத்தை ஏறக்குறைய முறித்தே விட்டது. உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும் என்பது எனக்கே புதிதாக இருந்தது.

2

பிரெஞ்சுக் குடியுரிமைக்குக் காரைக்கால் கல்யாணச் சந்தையில் என்ன விலை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் குடும்பத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் உண்டு. அதனால் தெருவில் எங்களைச் 'சொல்தா வீடு' என்பார்கள். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் முதலில் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். இரண்டில் பாஸ்போர்ட் படத்தில்தான் நான் சுமாராக இருப்பேன்.

விஜிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. பாரதியார் வீதியில் ஒரு ப்ரௌசிங் சென்டரில் வேலை பார்த்தாள். நான் வேலைக்கு மனுப் போடுகிறேன் என்ற பெயரில் தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். எங்கள் இருவருக்கும் அப்போது இருந்தது ஒரே கவலை, ஒரே பேச்சு. நம்மை நமக்காகப் பார்க்கிற ஒருத்தன் இந்த ஊரில் உண்டா? பிள்ளைகளுக்குப் பெயர்கூட வைத்திருந்தோம். ஆள்தான் இல்லை.

செல்வம் அப்படித்தான் வந்தான். காரைக்கால்மேட்டுக்காரன், பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ளவன், பாரிஸ் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன், விடுமுறையில் வந்திருந்தான். மெயில் பார்க்க வந்தவன் மறுநாள் ஒரு பயோடேட்டாவைப் பிரின்ட் எடுத்தான். அதற்கு மறுநாளும் அதையே எடுத்தான். நல்ல வேலையில் இருப்பவனுக்கு எதற்கு இத்தனை பயோடேட்டா என்று நான்தான் விஜியிடம் கேட்டேன். அவள் பிரின்டருக்குத் தாள் வைத்தாள்.

ஒன்றரை வருஷம் காதலித்தார்கள். அவன் பாரிஸிலிருந்து மெயில் அனுப்புவான், அவள் படித்துவிட்டு அழிப்பாள். அழித்ததையும் அழிப்பாள். ப்ரௌசிங் சென்டர் பெண் அல்லவா, கம்ப்யூட்டரில் ஒரு துளி தடயம் இருக்காது. சேர்ந்து ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தனை பயம் எதற்கென்றால், விஜியின் அத்தைக்கு. விஜியின் அப்பா கலியபெருமாளுக்குப் பட்டினச்சேரி. சுனாமியில் மனைவியை இழந்தவர். விஜி ஒரே பெண். பிழைப்பு, அக்கா வீட்டுக்காரரோடு பங்காக வைத்திருந்த ஒரு ஃபைபர் படகு. அந்த அக்காவின் இளைய மகன்தான் விஜிக்கு முறைமாப்பிள்ளை. பெண் வேறொருவனைக் காதலித்தாள் என்றால் அக்கா முகத்தில் அடித்தது போல. அக்கா கோபித்தால் அப்பாவுக்குப் படகு இல்லை. அதுவே, 'தானாக வந்த பாரிஸ் சம்பந்தம்' என்றால் கதை வேறு. விதி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் ஒரு தரகரைப் பிடித்தோம். செல்வத்தின் ஜாதகத்தைக் கொடுத்து, பட்டினச்சேரியில் இன்னார் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றோம். ஆறுமுகம் தரகர் தொழிலில் நேர்மையானவர். சிக்கலே அதில்தான்.

"பாரிஸ் மாப்பிள்ளைய ஒரே வீட்டுக்குக் காட்டி முடிச்சா என் தொழிலுக்கு என்னம்மா மரியாத? நாலு எடம் பாத்து நல்ல எடமா அமைக்கணுமில்ல?" என்றார்.

செல்வம் வேறு வழியில்லாமல் நிரவியில் ஒரு பெண்ணும் கிளிஞ்சல்மேட்டில் ஒரு பெண்ணும் பார்த்தான். இரண்டு வீட்டிலும் கேசரி சாப்பிட்டான். விஜி அவனிடம் சண்டை போட்டது பெண் பார்த்ததற்காக அல்ல.

"ஒரு வாய் போதாதா? தட்ட வழிச்சு நக்கிட்டு வந்துருக்க! தரகர் சொல்றாரு, மாப்பிள்ள நல்லாச் சாப்புட்டாருன்னு!"

மூன்றாவதாகத்தான் தரகர் அவனைப் பட்டினச்சேரிக்கு அழைத்துப்போனார். இருவரும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வது போல் பார்த்துக்கொண்டார்கள். நானும் கூட இருந்தேன். விஜி தலையைக் குனிந்த அழகைப் பார்த்து, இவள் சினிமாவுக்குப் போயிருக்க வேண்டியவள் என்று நினைத்துக்கொண்டேன். அத்தை வாயே திறக்கவில்லை. கல்யாணம் நடந்தது.

3

இனி அரசாங்கம். பிரெஞ்சுக்காரன் இந்தியாவில் கல்யாணம் செய்தால் அந்தக் கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் மனைவிக்கு விசா. விசாவுக்காகச் செய்த போலிக் கல்யாணமோ என்று பார்க்க, கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். செல்வம் லீவு முடிந்து பாரிஸ் திரும்பிவிட்டதால் அவனை அங்கேயே கூப்பிட்டார்கள். விஜியைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்கு வரச்சொன்னார்கள். அப்போது அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

இருவரும் போனில் பேசி முடிவு செய்திருந்தார்கள். ஊரில்தான் பொய், ஆபீஸில் உண்மை. வெள்ளைக்காரர்களுக்குக் காதல் கல்யாணம் என்றால்தான் மனசு நிறையும் என்று செல்வத்தின் நண்பர்கள் அடித்துச் சொல்லியிருந்தார்கள். அவனும் பயோடேட்டாவில் ஆரம்பித்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டான்.

விஜியும் சொல்லத்தான் போனாள். அறைக்குள் நுழைந்தால், பிரெஞ்சு அதிகாரியான மதாமுக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தது மல்லிகா அக்கா. காரைக்காலில் பிறந்து வளர்ந்தவர். அத்தையின் மூத்த மருமகளுடைய கூடப்பிறந்த அக்கா.

"வா விஜி, நல்லாருக்கியா? அத்த சொகமா?"

அதற்குப் பிறகு அதிகாரி கேள்வியைக் கேட்டார். நீங்கள் இருவரும் எப்படிச் சந்தித்தீர்கள்? விஜி மல்லிகா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். இங்கே வாயைத் திறந்தால் பொழுது சாய்வதற்குள் பட்டினச்சேரிக்குப் போய்விடும்.

"பொண்ணு பாக்க வந்தப்பதாங்க மொத மொத பாத்தேன். தரகர் கூட்டியாந்தாரு" என்றாள்.

கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. இருவர் சொன்னதும் பொருந்தவில்லை, கல்யாணத்தின் உண்மைத்தன்மையில் சந்தேகம் இருக்கிறது, இருவரும் நேரில் ஒன்றாக வர வேண்டும், விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் பதிவு மறுக்கப்படும். மறுத்துவிட்டால் விஜி ஒரு கரையிலும் செல்வம் ஒரு கரையிலும்தான். நடுவில் பிறக்கப்போகும் பிள்ளை.

உண்மையைச் சொன்னால் அப்பாவின் படகு. சொல்லாவிட்டால் புருஷன். விஜி என் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, அம்மா வைத்த மீன் குழம்பில் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மசக்கை என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும் போலிருக்கிறது.

4

மேரிக்குப் போய்வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, விஜி வீட்டில் சாப்பாடு. அவளும் இப்போது இங்கேதான், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலு பஸ் நிறுத்தம்தான். ஞாயிறு என்றால் வழக்கம் ஒன்றுதான். சந்தையில் மீன் வாங்குவது, ஊர் மீனைப் போல் இல்லை என்று குறை சொல்வது, பிறகு மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது.

விஜியின் மகன் கவினுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. பகலெல்லாம் காப்பகத்தில் இருப்பதால் வீட்டுக்குள்ளும் பிரெஞ்சுதான் வருகிறது. சோறு வேண்டாம் என்பதையும் பிரெஞ்சில்தான் சொல்கிறான். ஞாயிறு பகலில் ஊரிலிருந்து தாத்தா, அதாவது விஜியின் அப்பா, போன் பண்ணுவார். அவர் தமிழில் கேட்பதும் இவன் பிரெஞ்சில் பதில் சொல்வதுமாகக் கொஞ்ச நேரம் நடக்கும். யாரும் இடையில் புகுந்து விளக்கக் கூடாது என்பது தாத்தாவின் உத்தரவு.

"அவன் சொல்றது எனக்குப் புரியுது, நீங்க சும்மா இருங்க" என்பார்.

அன்றைக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தைப் பற்றி அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ரோடெல்லாம் லாரி, கரித்தூள் பறக்கிறது, சைக்கிளில் போனால் சட்டை கறுத்துவிடுகிறது. கவின் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் குப்பை லாரி பொம்மையைப் போனுக்கு முன்னால் நீட்டிக் காட்டினான். போனில் அது தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது. "ஆமாண்டா ராஜா, இதே லாரிதான்" என்றார் தாத்தா.

ழானும் வந்திருந்தார். விஜியின் கல்யாணக் கதையை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். முறைமாப்பிள்ளை என்பதைப் பிரெஞ்சில் விளக்குவதற்குள் குழம்பு ஆறிவிட்டது.

5

அந்தக் கடிதம் வந்ததும் செல்வம் லீவு போட்டுப் பறந்து வந்து நேராகப் புதுச்சேரிக்குப் போய்விட்டான். காரைக்காலிலிருந்து விஜியும் அவள் அப்பாவும் நானும் வாடகைக் காரில் போனோம். காதல் விவரம் தெரிந்த சாட்சியாக நான். பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்குத் துணையாக அப்பா. முன் சீட்டில், சலவை வேட்டி கசங்காமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

அப்பாவிடம் தானே முதலில் சொல்லிவிடுவது என்று விஜி முடிவு செய்திருந்தாள். மல்லிகா அக்கா வழியாகத் தெரியக் கூடாது. தரங்கம்பாடி தாண்டியதும் சொல்கிறேன் என்றாள். தரங்கம்பாடி போனது. சீர்காழி வரட்டும் என்றாள். அங்கே "அப்பா" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பி, "என்னம்மா, கொமட்டுதா?" என்று வண்டியை நிறுத்தி எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தார். சிதம்பரத்தில் "அப்பா" என்றாள். இன்னொரு சோடா வந்தது. கடலூரில் நான் அவள் கையைக் கிள்ளினேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் மறுபடி வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். புதுச்சேரி வந்து சேர்ந்தபோது வயிறு நிறையச் சோடா இருந்தது, உண்மையும் வயிற்றிலேயே இருந்தது.

அவர் வராந்தாவில் உட்கார்ந்தார். அங்கே காத்திருந்த செல்வமும் விஜியும் நானும் உள்ளே போனோம். அதே மதாம், அதே மல்லிகா அக்கா. விஜி மதாமைப் பார்க்கவில்லை. நேராக மல்லிகா அக்காவைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. போன தடவ நான் சொன்னது பொய். இவரு சொன்னதுதான் நெசம். ஒன்ற வருசமாப் பழகித்தான் கட்டிக்கிட்டோம்."

மல்லிகா அக்கா மொழிபெயர்த்தார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று மதாம் கேட்டார்.

"ஒங்ககிட்ட நான் பொய் சொல்லலிங்க. இந்த அக்காகிட்டதான் சொன்னேன். இவங்களுக்குத் தெரிஞ்சா எங்க அத்தைக்குத் தெரிஞ்சிடும்."

எனக்குப் பிரெஞ்சு தெரியும், அதனால் சாட்சி சொல்கிறேன். மல்லிகா அக்கா முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் அதையும் அப்படியே மொழிபெயர்த்தார். இவருக்குத் தெரிந்தால் அத்தைக்குத் தெரிந்துவிடும் என்பதைச் சொல்லும்போது, தன்னைத் தானே விரலால் சுட்டிக் காட்டவும் செய்தார். அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது.

ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். கடிதம்? அழித்தாயிற்று. போட்டோ? எடுக்கவில்லை. சேர்ந்து எங்காவது போனீர்களா? போகவில்லை. நான் சாட்சி சொன்னேன். மதாம் தலையாட்டினார். தோழி பின்னே வேறென்ன சொல்வாள் என்கிற தலையாட்டல் அது. பட்டினச்சேரிக்காக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இப்போது இவர் கேட்கும்போது பூசணிக்காயை எடுத்துக் காட்ட முடியவில்லை.

"உங்கள் தகப்பனாருக்கு இது தெரியுமா?"

"தெரியாது" என்றாள் விஜி.

"வெளியே இருப்பவர் அவர்தானே? கூப்பிடுங்கள்."

வந்து நின்றார். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். விஜி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வத்தின் காது இரண்டும் சிவந்திருந்தன. கல்யாணத்துக்கு முன்பே உங்கள் மகளுக்கும் இவருக்கும் பழக்கம் இருந்ததா என்று மல்லிகா அக்கா தமிழில் கேட்டார்.

"இருந்துச்சே" என்றார்.

விஜி சட்டென்று நிமிர்ந்தாள். மதாம், மொழிபெயர்க்காமலே அதைப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்க வூட்ல காப்பி போட்டது நாந்தாங்க. அதுக்கு அம்மா இல்லியே. எல்லா டம்ளருக்கும் நானே சீனி போட்டு ஆத்தி வச்சேன். இந்தப் புள்ள வந்துச்சு. நான் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு ஒரு டம்ளரக் கொல்லையில ஊத்திட்டு, சீனி இல்லாம வேற ஊத்துச்சு. சரி, இது யாருக்குப் போவுதுன்னு கதவுகிட்ட நின்னு பாத்தேன். நேரா தம்பிகிட்ட போச்சு. தம்பியும் வாங்கி, மொகம் மாறாமக் குடிச்சாரு. மொத தடவ பாக்குறவருக்கு எந்தப் பொண்ணாவது சீனியில்லாத காப்பி குடுக்குமா? குடுத்தாலும் எந்த மாப்பிள்ளையாவது ஒன்னும் கேக்காமக் குடிப்பாரா?"

மதாம் செல்வத்தைப் பார்த்து, நீங்கள் காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வீர்களா என்று பிரெஞ்சில் கேட்டார். சின்ன வயசிலிருந்தே இல்லை என்றான். ப்ரௌசிங் சென்டருக்கு எதிர்க்கடையிலிருந்து இவளும் எனக்கு அப்படித்தான் சொல்லி வாங்குவாள் என்றான். மதாம் எழுதிக்கொண்டார். பிறகு, அது அவர் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை, ஆனாலும் கேட்டார். தெரிந்தும் ஏன் மகளிடம் சொல்லவில்லை?

"எங்கிட்ட மறைக்கிறதுக்கு அது அம்புட்டுப் பாடுபட்டுச்சுங்க. தரகரெல்லாம் புடிச்சு… அதக் கெடுக்க மனசு வரல."

மல்லிகா அக்கா இதை மொழிபெயர்க்க ஆரம்பித்து, நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் முடித்தார். விஜி அழுதாள். நானும் அழுதேன். எனக்கு அங்கே எந்த உரிமையும் இல்லை, இருந்தாலும் அழுதேன். அவர் மட்டும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "இதுக்கு எதுக்கு அழுவுறீங்க, கொமட்டுதா?" என்று கேட்டார்.

6

மல்லிகா அக்கா சொன்னாரோ, அப்பாவே சொன்னாரோ, மறுநாள் காலையில் அத்தை விஜி வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"ஏண்டி, எனக்கு மட்டும் கண்ணு இல்லன்னு நெனச்சியா? பொண்ணு பாக்க வந்தவன், கை கழுவ எந்தப் பக்கம்னு ஒரு வார்த்த கேக்காம நேராக் கொல்லைக் குழாய்க்குப் போறான்! அப்பவே தெரியும் எனக்கு. எம்புள்ளைக்குப் பொண்ணா கெடைக்காது?"

செல்வத்துக்கு அந்தக் குழாய் இருக்குமிடம் எப்படித் தெரிந்தது என்று நான் விஜியை இதுவரை கேட்கவில்லை. படகு பங்காகவே ஓடியது. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. தெரியும் என்பது தெரியாமல் நாங்கள்தான் ஒன்றரை வருஷம் வியர்த்திருந்தோம்.

கல்யாணம் பதிவாகிவிட்டது. ஆனால் இந்த இரண்டாம் விசாரணை, அதற்குப் பிந்திய காகிதங்கள், விசா என்று நாள் ஓடி, எல்லாம் கைக்கு வந்தபோது விஜிக்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. அந்த நிலையில் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கவின் காரைக்காலில் பிறந்தான். செல்வத்துக்கு லீவு மிச்சமில்லை. தன் மகனை முதலில் அவன் பார்த்தது ப்ரௌசிங் சென்டர் கேமராவில்தான். அந்த ஒரு பொய்க்காக இருவரும் கொடுத்த விலை அது. இன்றும் அந்தப் பேச்சு வந்தால் செல்வம் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவான்.

கலியபெருமாள் அந்த மாதங்களில் கடலுக்கே போகவில்லை. மச்சான் திட்டிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது, வெயில் காட்டுவது, தூளி ஆட்டுவது எல்லாம் அவர்தான். நான் போகும்போதெல்லாம் அவர் தோளில் துண்டு இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளை இருந்தது.

எனக்கும் இங்கே பிரான்சில் வேலை கிடைத்திருந்தது. விஜிக்குத் துணையாக ஒரே விமானத்தில் டிக்கெட் எடுத்தோம். சென்னை விமான நிலையத்தில் உள்ளே போகும் கதவு வரை அவர் பிள்ளையைக் கொடுக்கவில்லை. காவலர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விஜியிடம் நீட்டினார். அவள் அழுதுகொண்டே உள்ளே போனாள். நான் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனபோது, "ரோசு" என்று கூப்பிட்டார். ஏதோ மறந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பி வந்தேன்.

"அந்த மதாம் நல்லவங்கதான்" என்றார். கண் கதவுக்கு அந்தப் பக்கம், விஜியின் தோளில் இருந்த பிள்ளை மேலேயே இருந்தது. "இருந்தாலும் இன்னும் நாலு கேள்வி கேட்டுருக்கலாம்."